திரும்பிப் பார்த்த வாத்து

பேராசிரியர் கஸ்யான் பெத்ரோவிச் கூட்டங்களில் தூங்குவார் என்பது அந்த மையத்தில் எல்லாருக்கும் தெரியும். தூங்கிக்கொண்டே கேள்வி கேட்பார் என்பதும், அந்த ஒரு கேள்வி ஒருவருடைய வருட உழைப்பைக் கவிழ்த்துவிடும் என்பதும் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ரிம்மா பாவ்லோவ்னா மாட்டிக்கொண்டது 1968 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

நோவசிபீர்ஸ்க் நகருக்குத் தெற்கே, பிர்ச் மரக்காட்டுக்குள் கட்டியிருந்த விஞ்ஞானக் குடியிருப்பில் ஒரு கணக்கீட்டு மையம் இருந்தது. ரிம்மா அங்கே கணித ஆய்வாளர். நாற்பத்தோரு வயது. கால், முதுகு, கழுத்து என்று மூட்டு மூட்டாகக் கோத்த ஓர் உடம்பு எப்படி அசையும் என்பதற்கு மூன்று வருடமாகச் சமன்பாடுகள் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூன்று கரும்பலகைகளை நிரப்பிவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டு நின்றாள். பேராசிரியர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“இதெல்லாம் என்னம்மா?”

“நடைங்க. விலங்குகளோட நடை.”

“நடையா? எங்க நடக்குது? எனக்கு வெறும் எண்ணுதான் தெரியுது. எண்ணு எங்கயும் நடந்து போய் நான் பார்த்ததில்ல. நடக்கும்னு சொல்றீங்கன்னா, நடக்க வச்சுக் காட்டுங்க.”

கூட்டம் சிரித்தது. ரிம்மாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. சட்டென்று பதில் சொல்லத் தெரியாதவள் அவள். நல்ல பதிலெல்லாம் படியிறங்கி வீட்டுக்குப் பாதி வழி போன பிறகுதான் வரும். அன்றைக்கென்று நாக்கு முந்திக்கொண்டது.

“காட்டறேன். மார்ச் மாசத்துக்குள்ள.”

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் காலத்துக் கணிப்பொறிக்குப் படம் வரையத் தெரியாது. ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், எண்களைப் போட்டு அரைக்கும், விடையை அகலமான காகிதத்தில் எழுத்தும் எண்ணுமாக அடித்துத் தள்ளும். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, டிராம் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தபோது அவளுக்கு யோசனை வந்தது. கிட்டத்தில் புள்ளி, தூரத்தில் முகம். கருப்பாக இருக்கவேண்டிய இடத்தில் அடர்த்தியான எழுத்து, வெளுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அப்படி அடித்தால் தாளே படம். அசைவின் ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு தாள் அடித்து, அவற்றை ஒவ்வொன்றாகச் சினிமா கேமராவில் பிடித்து ஓட்டினால், எண்கள் நடக்கும்.

எதை நடக்க வைப்பது? குதிரைக்கும் நாய்க்கும் நாலு கால். கணிப்பொறியின் நினைவகம் தாங்காது. மனிதன் என்றால் பார்ப்பவர் ஒவ்வொருவரும் குறை சொல்வார். ரெண்டு கால், கனமான உடம்பு, நிதானமான நடை என்று தேடித் தேடிக் கடைசியில் வெள்ளைப் பெருவாத்தில் வந்து நின்றாள். நாற்பது விநாடி நடை. நானூற்றெண்பது தாள். கெட்டுப்போவதற்கு இருபது.

அச்சு அறைக்குப் போனாள். அச்சு அறை என்றால் கிளாவா. இருபத்தேழு வயதுப் பெண், தோள் அகலம், குரலும் அகலம். ரயில் போலச் சத்தம் போடும் அச்சுப்பொறியோடு நாள் முழுக்க இருப்பதால் காதில் பஞ்சு வைத்திருப்பாள். காகிதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒருமுறையும் போதுமான அளவு வந்ததில்லை. காகித பீரோவின் சாவியை அவள் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

“எத்தன தாளு?”

“ஐந்நூறு.”

“ஐந்நூறா! அணைக்கட்டுக் கணக்குக்கே எண்பதுதான் குடுத்தேன். அப்படி என்னத்த அடிக்கப் போறீங்க?”

“வாத்து.”

கிளாவா ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினாள். “என்ன சொன்னீங்க?”

“வாத்து. நடக்கற வாத்து.”

“சமைக்கறதுக்குன்னா சொல்லுங்க, ரிம்மா பாவ்லோவ்னா. எங்க வீட்ல ஏழு நிக்குது.”

ஆனாலும் நடக்கும் வாத்தைப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? ஒரு விநாடிக்கு மட்டும் என்று பன்னிரண்டு தாள் கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் ரெண்டு மணி நேரம் கணிப்பொறி கிடைத்தது. அடித்த தாள்களை ரிம்மா நடைவழிச் சுவரில் வரிசையாகக் குத்திவைத்தாள். எழுத்துகளாலான வாத்து ஒன்று இடமிருந்து வலமாகப் பன்னிரண்டு முறை நின்றது. ரிம்மா பின்னால் தள்ளி நின்று முழு வரிசையையும் பார்த்தாள். மூன்று வருடம்!

கிளாவா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள்.

“இது வாத்தே இல்ல.”

“என்னது?”

“பனியில வழுக்கிடுமோன்னு பயந்து பயந்து போற தபால்காரம்மா.”

“சமன்பாடு சரியாத்தான் இருக்கு” என்றாள் ரிம்மா விறைப்பாக.

“சமன்பாடு சரியா இருக்கும். வாத்துதான் தப்பு. கால தூக்கறப்ப பாதத்த விரிச்சே வச்சிருக்கு பாருங்க. எந்த ஊரு வாத்து அப்படித் தூக்கும்? குடைய மடக்கற மாதிரி மடக்கிக்கிட்டுல்ல தூக்கும். கால ஊனினா உடம்பு அந்தப் பக்கம் அமுங்கணும். அப்புறம் இது என்ன, வாலா? பலகைய ஆணி அடிச்சு வச்ச மாதிரி இருக்கு.”

ரிம்மா லெனின்கிராதில், நாலாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். வாத்தை அவள் பார்த்ததெல்லாம் கடையில், இறகு பிடுங்கிக் கொக்கியில் மாட்டியிருந்தபோதுதான். மற்றதெல்லாம் ஒரு பறவையியல் புத்தகத்தின் எலும்புக்கூட்டுப் படத்திலிருந்து எடுத்தது. கோபம் வடிந்ததும் வெட்கம் வந்தது.

“ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வாங்க” என்றாள் கிளாவா. “மேஸ்திரிய வந்து பாருங்க.”

“யாரு மேஸ்திரி?”

“வாங்களேன்.”

காட்டுக்கு அந்தப் பக்கம், பேருந்தில் அரைமணி நேரம் போனால் கிளாவாவின் வீடு. மையத்தின் புகைப்படக்காரன் யூலி, சாவி கொடுத்து ஓட்டும் சினிமா கேமராவோடு கூட வந்தான். ஒல்லியான ஆள், நீளமான மேலங்கி. வேலிக் கதவைத் திறந்ததுமே மேஸ்திரி எதிரே வந்து நின்றது, ஒரு பெரிய வெள்ளை வாத்து. மற்ற ஆறு வாத்துகளுக்கும், நாய்க்கும், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ராணுவக்காரருக்கும் அதுதான் மேஸ்திரியாம். வந்தவர்களைத் தலைமுதல் கால்வரை அளந்தது. ரிம்மாவைப் போகவிட்டது. யூலியின் அங்கியைப் பார்த்ததும் அதற்கு என்ன தோன்றியதோ, கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு பாய்ந்தது.

“படம் எடுங்க, யூலி!” என்று ரிம்மா கத்தினாள்.

“எடுக்கறதா, ஓடறதா?”

“ஓடிக்கிட்டே பின்னாடி திரும்பி எடுய்யா!” என்றாள் கிளாவா. “இந்த மாதிரி நடை உனக்குக் காசு குடுத்தாலும் கெடைக்காது!”

யூலி விறகுக் குவியல்மேல் ஏறிக்கொண்டு, அங்கியின் கிழிந்த ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கேமராவைச் சுழலவிட்டான். ரிம்மா சிரித்தாள். சின்னச் சிரிப்பில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டிய சிரிப்பு. மையத்தில் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தும் அவள் பல்லைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று யூலி பிறகு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

அதற்கப்புறம் வேலை ஒழுங்காக நடந்தது. கிளாவா மேஸ்திரியை அக்குளில் இடுக்கிப் பிடித்து, தொடை, கணுக்கால், கழுத்து மூன்றிலும் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினாள். மூட்டு எங்கே போகிறது என்று படத்தில் தெரியவேண்டுமே. புதுப் பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ரிம்மா நிறுத்துகடிகாரத்தோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். ஒரு சாண் தூரத்தில் ஆரஞ்சு நிறப் பாதம் மடங்கி, மேலே போய், விரிந்து இறங்கியது. குடை மடக்குவது போலத்தான். உடம்பு அந்தப் பக்கம் அமுங்கியது. வால் அதற்கு எதிர்ப்பக்கம் போனது.

“எதிர்ப்பக்கம் போகுது, கிளாவா!”

“நான் என்ன சொன்னேன்?”

“நீ பலகைன்னு மட்டும்தான் சொன்ன. எதிர்ப்பக்கம்னு சொல்லல.”

“அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

மத்தியானம் இறைச்சிக் கொழுக்கட்டையும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிட்டுவிட்டு, ரிம்மா மேசை விரிப்பின் மேலேயே பென்சிலால் வாலுக்கு ஒரு தனிச் சமன்பாடு எழுதினாள். கிளாவா அந்த விரிப்பைக் கடைசிவரை துவைக்கவே இல்லை.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகள் அப்படியே போயின. கிளாவா தாள்களுக்குக் கணக்குப் பார்ப்பதை விட்டாள். பழைய அறிக்கைகளின் பின்பக்கத்தில் சோதனை அடித்து, நல்ல காகிதத்தை மிச்சம் பிடித்தாள். சமன்பாட்டிலிருந்த எண்களுக்கு அவளே பெயரும் வைத்தாள். கழுத்து எண், தொடை எண், திமிர் எண். திமிர் எண் என்பது நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருக்கவேண்டும் என்பது. “திமிர கொஞ்சம் கூட்டுங்க” என்பாள். ரிம்மா கூட்டுவாள். வாத்து நிமிரும். ஜனவரி மாதத்தில், கணிப்பொறிக்கு எண்களை ஊட்டும் துளையட்டைகளைக் கிளாவாவே குத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு எண் என்று, முந்நூறு சொச்சம் அட்டைகள்.

தலைப்புத் தாளை அடிக்கும் நாளில்தான் வம்பு வந்தது. ‘கணக்கு: ரிம்மா பாவ்லோவ்னா. நடையும் அச்சும்: கிளாவ்தியா. ஒளிப்பதிவு: யூலி’ என்று, கிளாவாவுக்கு அவள் முழுப்பெயரைப் போட்டு, ரிம்மா எழுதியிருந்தாள். பிரிவுத் தலைவர் சவேலி மார்க்கொவிச் அதை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கெட்ட மனிதரில்லை. மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலையிலேயே முடி கொட்டியவர்.

“அச்சுப்பொறி ஓட்டற பொண்ணு பேரு எதுக்கு? இது விஞ்ஞானப் படம். நாளைக்குக் கூட்டிப் பெருக்கறவங்களும் எங்க பேரு எங்கன்னு கேப்பாங்க.”

“வாத்து எப்படி நடக்கும்னு கூட்டிப் பெருக்கறவங்க சொல்லியிருந்தா, அவங்க பேரும் வந்திருக்கும்.”

“எடுத்துடுங்க, ரிம்மா பாவ்லோவ்னா.”

“அப்ப என் பேரையும் எடுத்துடறேன். ‘சவேலி மார்க்கொவிச்சின் வாத்து’ன்னு போட்டுக்கலாமா? கஸ்யான் பெத்ரோவிச் ஏதாவது கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கலாம்.”

சவேலி மார்க்கொவிச் அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கிளாவா, அன்றைக்கு மாலை வரை யாரிடமும் பேசவில்லை. அது அவளுக்குப் பெரிய விஷயம்.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை, கடைசிப் பகுதியை அடிக்கவேண்டிய காலையில், அந்தக் கிளாவாவின் கையிலிருந்துதான் அட்டைத் தட்டு நழுவியது. வாசற்படியில் கால் இடறி, முந்நூறு அட்டையும் தரை முழுக்கச் சிதறின. கணிப்பொறி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அட்டை மூலைகளில் குறித்திருந்த பென்சில் வரிசை எண்களைப் பார்த்துப் பார்த்து மளமளவென்று அடுக்கி, யாரிடமும் சொல்லாமல் உள்ளே கொடுத்துவிட்டாள். தாள்கள் வந்து விழுந்தன. முந்நூறாவது தாள் வரை வாத்து ராஜாபோல நடந்தது. அப்புறம் நின்றது. கழுத்து நிமிர்ந்தது, நிமிர்ந்தது, நிமிர்ந்து பின்பக்கமாகவே வளைந்து, தலை வாலைப் பார்த்து நின்றது. இருபத்துநாலு தாளுக்கு அப்படி. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல முன்னால் திரும்பி நடையைத் தொடர்ந்தது.

ரிம்மாவின் முகம் வெளுத்தது.

“நான்தான்” என்றாள் கிளாவா. “தட்டு கை நழுவிடுச்சு. ரெண்டு அட்டை இடம் மாறியிருக்கும். திட்டுங்க.”

ரிம்மா திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டாள். அடுத்த கணிப்பொறி நேரம் அடுத்த சனிக்கிழமைதான். கூட்டம் செவ்வாய்க்கிழமை. பீரோவில் மிச்சமிருந்தது ஏழு தாள். நின்ற இடத்தில் அது கால் மாற்றி ஊன்றியிருந்ததால், அந்த இருபத்துநாலைப் பிடுங்கிப் போட்டால், வாத்து ஒரே தாவலில் கால் மாற்றிக் குதிக்கும்.

“இருக்கட்டும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தப்பு இருக்குன்னு சொல்லிடறேன்.”

“என் தப்புன்னு சொல்லுங்க.”

“படத்துல ரெண்டு பேரும் இருக்கோம் இல்லையா? தப்புலயும் இருப்போம்.”

யூலி திங்கட்கிழமை மாலைவரை உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் கண்ணாடிக்கு அடியில் அமுக்கிப் படம் பிடித்து முடித்தான்.

செவ்வாய்க்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. வாத்து வருகிறது என்று செய்தி பரவி, வேதியியல்காரர்கள், மண்ணியல்காரர்கள், உணவக சமையல்காரி வரைக்கும் வந்திருந்தார்கள். வேலை அங்கியோடு கதவோரம் நின்றிருந்த கிளாவாவை ரிம்மா கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். தப்பைச் சொல்வதற்காக எழுந்தாள். அதற்குள் யூலி விளக்கை அணைத்துவிட்டான்.

பெயர்கள் வந்தன. கிளாவா முழங்கையால் ரிம்மாவை இடித்தாள். பிறகு இடதுபக்கமிருந்து, எழுத்துகளாலேயே ஆன ஒரு வாத்து உள்ளே வந்தது. பாதம் மடங்கியது, விரிந்தது. உடம்பு அமுங்கியது. வால் எதிர்ப்பக்கம் போனது. ரிம்மாவுக்குத் திரையில் படம் காட்டும் பொறி ஓடுவது மட்டும்தான் கேட்டது. இப்போது வரும், இப்போது வரும் என்று கைகளை இறுக்கிக்கொண்டாள். வாத்து நின்றது. கழுத்தை வளைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தது.

“யாரோ கூப்பிட்டாங்கப்பா!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

அரங்கே வெடித்தது. மண்ணியல்காரர்கள் நாற்காலியின் கையைத் தட்டினார்கள். சமையல்காரி சமையலங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து ரிம்மா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். கிளாவா அவள் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். “இருங்க. அவங்க வாத்தப் பார்த்துச் சிரிக்கறாங்க. வித்தியாசம் தெரியலயா?”

விளக்கு வந்தபோது பேராசிரியரின் ரெண்டு கண்ணும் திறந்திருந்தன.

“இன்னொரு தடவ போடுங்க.”

ஆறு தடவை போட்டார்கள். ஆறு தடவையும் அதே இடத்தில் சிரித்தார்கள்.

“எதுக்கும்மா திரும்பிப் பார்க்குது?” என்று கேட்டார் பேராசிரியர்.

“தப்புங்க. ரெண்டு அட்டை இடம் மாறிடுச்சு. முன்னாடியே சொல்ல நெனச்சேன், அதுக்குள்ள விளக்க அணைச்சுட்டாங்க.”

“ஓகோ. அது திரும்பற வரைக்கும் சமன்பாட்டப் பார்த்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் அடடா, வாத்துன்னு தோணுச்சு.” அவர் தாடையைச் சொறிந்தார். “எந்த எண்ணு எவ்வளவு மாறினா இப்படி ஆகுதுன்னு எழுதி வைங்க. அதையும் கட்டுரையில சேருங்க. ஆமா, கிளாவ்தியான்னா யாரு?”

கிளாவா எழுந்தாள்.

“வால் நல்லா வந்திருக்கும்மா.”

அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லியே கிளாவா அந்த வருடத்தை ஓட்டினாள்.

அதற்குப் பிறகு படம் இவர்களை விட்டுக் கிளம்பிவிட்டது. யூலி மூன்று பிரதி எடுத்தான். அவற்றிலிருந்து வேறு யாரோ பிரதி எடுத்தார்கள். தார்த்து நகரிலிருந்து மாணவர்கள் நீந்தும் மீன் ஒன்றைச் செய்து அனுப்பினார்கள். எரிவான் நகரிலிருந்து ஒரு கழுதை வந்தது. நாலு காலையும் எப்படியோ அடக்கியிருந்தார்கள். மாஸ்கோவில் பொம்மைப் படம் எடுக்கும் ஒருவர் நேரில் வந்து, மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “பார்க்க அசிங்கமா இருக்கு” என்றார். கிளாவா சண்டைக்குத் தயாராகும் முன் அவரே சொன்னார்: “ஆனா இதுக்கு உடம்புல கனம் இருக்கு. என் பொம்மைங்க எல்லாம் காத்துல மிதக்குது. அந்தக் கனத்த எப்படிக் கொண்டுவந்தீங்கன்னு சொல்லிக் குடுங்க.” சொல்லிக் கொடுத்தார்கள்.

ஓம்ஸ்க் நகரிலிருந்து வந்த கடிதம்தான் ரிம்மாவைத் தூங்கவிடாமல் செய்தது. எழுதியவர் செயற்கைக் கால் பட்டறையின் மருத்துவர் நோன்னா. ‘உங்கள் வாத்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றுவதைப் பார்த்தேன். எங்கள் கால்கள் அதைச் செய்வதில்லை. முழங்கால் எந்தக் கணத்தில் பூட்டிக்கொள்ளவேண்டும் என்பதைக் கணக்கிட முடியுமா?’

மூன்று வருடம் பிடித்தது. அதற்குள் கிளாவா மாலை வகுப்பில் படித்துத் தேறி, ரிம்மாவின் அறையிலேயே எதிர் மேசைக்கு வந்துவிட்டாள். தொடை எண்ணும் கனத்துக்கான எண்ணும் மனிதக் காலுக்கு மாறின. திமிர் எண்ணை மட்டும் எடுத்துவிட்டார்கள். 1972 ஜூனில் ரெண்டு பேரும் ரயிலேறி ஓம்ஸ்க் போனார்கள்.

நோன்னா அவர்களை நீளமான ஒரு கூடத்தில் உட்கார வைத்தார். கதவைத் திறந்துகொண்டு தெரேந்தி என்ற டிராக்டர் ஓட்டுநர் வந்தார். ஐம்பது வயது, சிவந்த முகம். அறுவடை இயந்திரத்தில் இடது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். புதுச் செயற்கைக் காலோடு முதல் பத்தடி தடியை ஊன்றி, கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். ஜன்னல் அருகே திரும்பும்போது தடியை அங்கேயே சாய்த்துவைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தார். கிளாவா ரிம்மாவின் கையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ரிம்மாவுக்கு வலிக்கவே இல்லை.

“கணக்குப் போட்டவங்க நீங்களா?” என்றார் தெரேந்தி. “இப்படி நின்னு பார்த்தா எப்படி? ஆடிப் பார்த்தாத்தான் தெரியும்.”

பட்டறைத் தச்சர் ஒருவர் அக்கார்டியனை எடுத்துவந்தார். கிளாவா காத்திருக்கவே இல்லை. ரெண்டு சுற்று ஆடி முடித்ததும் தெரேந்தி ரிம்மா எதிரே வந்து நின்றார். அவள் குறிப்பேட்டில் எத்தனையாவது அடியில் முழங்கால் பூட்டியது என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

“எழுதறத விடுங்கம்மா. எழுந்து வாங்க.”

“எனக்கு ஆட வராதுங்க.”

“எனக்கும்தான் போன வாரம் வரைக்கும் வரல.”

எழுந்தாள். மூன்றாவது அடியிலேயே அவர் இடது காலை மிதித்துவிட்டாள். “ஐயோ, மன்னிச்சுக்குங்க!”

“பரவால்ல, அது உங்க கால்தான்.”

கூடமே சிரித்தது. அக்கார்டியன் வேகமெடுத்தது. சுற்றித் திரும்பும்போது ரிம்மா இன்னொரு முறை மிதித்தாள்.

“இது என்னோடது” என்றார் தெரேந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆட்டத்தை நிறுத்தாமல்.